முகாம் வண்டிக் கட்டில்

எனக்குக் கல்யாணம் ஆனது பவ வருஷம், அதாவது 1934, ஆவணியில். ஆவணி முடிவதற்குள் என் மனைவி கிள்ளானிலிருந்து வந்து என்னோடு குடித்தனம் தொடங்கிவிட்டாள். அந்தக் குடித்தனம் நடந்த வீட்டுக்கு எட்டுச் சக்கரங்கள் இருந்தன.

நான் அப்போது மலாயா ரயில்வேயில் பாலம் பழுதுபார்க்கும் கோஷ்டி ஒன்றுக்குக் கிராணி. ஆட்களின் வருகையை எழுதுவது, ஆணி, திருகு, பெயின்ட் இருப்பைப் பார்த்துக்கொள்வது, மேலே எழுதிப்போடுவது எல்லாம் என் வேலை. எந்தப் பாலத்தில் வேலையோ அதற்கு அடுத்த ஸ்டேஷனில் எங்கள் வண்டிகளைக் கொண்டுபோய் ஓரத்துத் தண்டவாளத்தில் விட்டுவிடுவார்கள். வேலை முடிந்ததும் ஏதாவது ஒரு சரக்கு ரயிலில் கோத்து அடுத்த இடத்துக்கு இழுத்துப் போவார்கள். கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் வீடு கேட்டு எழுதியிருந்தேன். ஊர் ஊராகப் போகிறவருக்கு ஊரில் வீடு எதற்கு என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது.

எங்கள் வண்டி ஒரு காலத்தில் மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளை ஏற்றிப் போனது. ஆசனங்களைப் பிடுங்கிவிட்டு நடுவில் பலகைத் தடுப்பு போட்டிருந்தார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் என் மேஜையும் கோஷ்டியின் சாமான்களும். இந்தப் பக்கம் நாங்கள். சமையல் வெளியே, தார்ப்பாய்க்கு அடியில். படுக்கை என்பது சன்னல் சுவரோடு ஒட்டி, நீளவாக்கில் அடித்த ஒரு பலகை. அதற்கு அடியில் கருவிப் பெட்டிகள். ஒரு முனையில் தலை வைப்பதற்காகப் பலகையைச் சற்றே தூக்கி அடித்திருந்தார்கள். எனக்கு முன்னால் இருந்த கிராணிகள் எல்லாரும் தனி ஆட்கள். அவர்களில் ஒருவரும் இந்தப் படுக்கையைப் பற்றிக் குறை எழுதிப்போடவில்லை.

மனைவியின் அண்ணன் கிள்ளானுக்கு வடக்கே மேருவில் சின்ன ரப்பர்த் தோட்டம் வைத்திருந்தார். தாய் தகப்பன் இல்லாத தங்கையை வளர்த்தவர் அவர்தான். கல்யாணப் பந்தலிலேயே என்னிடம் சொன்னார்:

"மாப்ள, கூட்ஸ் வண்டியில குடும்பம் நடத்தினதா எங்க வம்சத்துல யாரும் இல்ல."

"கூட்ஸ் இல்ல மச்சான். மூணாங்கிளாஸ்."

"அப்ப உள்ள போறதுக்கு எந்தங்கச்சி டிக்கட் எடுக்கணுமா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தலைதீபாவளிக்கு அவரே வந்து எங்கள் இருவரையும் அழைத்துப் போவார் என்றும், தங்கைக்கு வண்டி ஒத்துக்கொள்ளாவிட்டால் அவள் அப்படியே மேருவில் தங்கிவிட வேண்டும் என்றும், எனக்கு வீடு கிடைக்கிறபோது திரும்பி வரலாம் என்றும் பேசி முடித்தார். நான் தலையாட்டினேன். வீடு எப்போது கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்: இப்போதைக்குக் கிடைக்காது. அவள் மேருவில் இருந்தால், வடக்கே ஏதாவது ஒரு பாலத்தில் இருக்கிற நான் அவளைப் பார்ப்பது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையோ என்னவோ.

அவளுக்கு வண்டி பிடித்திருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே போகிற வருகிற ரயிலைப் பார்ப்பாள். அப்போது வண்டி பிரிக்ஃபீல்ட்ஸிலேயே நின்றதால் பாசாருக்கு நடந்தே போய்வந்தாள். பிடிக்காதது ஒன்றே ஒன்று. அவளுக்குத் தூக்கம் வரவில்லை. முதல் வாரத்திலேயே கண்ணைச் சுற்றிக் கருத்துவிட்டது. சோறு குழைந்தது. கேட்டதற்கு எல்லாம் எரிச்சலாகப் பதில் வந்தது.

"அண்ணன் வந்தா முதல்ல என்ன கேப்பார் தெரியுமா? தூக்கம் வருதான்னு கேப்பார். நான் அவர்கிட்ட பொய் சொன்னதில்ல. வந்தா வருதும்பேன். வரலன்னா வரலம்பேன். அதுக்குள்ள நீங்க ஏதாச்சும் செய்ங்க" என்றாள்.

தீபாவளிக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

முதலில் என்ன கோளாறு என்று தெரிய வேண்டும். எங்கள் கோஷ்டியில் பாலத்துக்கு மட்டம் பார்க்கிற ரசமட்டம் ஒன்று இருந்தது. அதை எடுத்துவந்து படுக்கைப் பலகையின் குறுக்கே வைத்தேன். குமிழ் ஒரு ஓரத்துக்கு ஓடி அங்கேயே நின்றுவிட்டது. நாங்கள் நின்ற ஓரத்துத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால். மழையில் அந்தப் பக்கத்து மண் இறங்கி, ஒரு தண்டவாளம் மற்றதைவிடத் தாழ்ந்திருந்தது. வண்டி சுவர்ப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. அவள் சுவரோரம் படுப்பாள். விடிவதற்குள் நான் உருண்டு அவள்மேல் சாய்ந்து, அவளைச் சுவரோடு வைத்து அழுத்திக்கொண்டிருப்பேன். நடக்கும்போது தெரியாத சரிவு படுத்தால்தான் தெரியும் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் மண்டோர் சன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்களை மேய்க்கிறவர். அடுத்த வண்டியில் இருந்தார். வாய் சும்மா இராது.

"பாலத்துக்கு வைக்கிற மட்டத்தைப் படுக்கைக்கு வைக்கிற கிராணிய இப்பத்தான் பாக்கறேன். பாலம் என்ன சொல்லுது?"

"சாயுதுங்குது."

"அப்ப ரிப்போட்டு எழுதுங்க. நாங்க ஆள் போட்டுத் தூக்கறோம்."

இரண்டு கம்பளிகளை மடித்து மெத்தைக்குக் கீழே சுவரோரம் திணித்தேன். சரிவு சரியாயிற்று. மூன்று இரவு அவள் ஓரளவு தூங்கினாள். நான் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அந்த வாரக் கடைசியில் கிள்ளான் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷனுக்கு எங்களை இழுத்துப் போனார்கள். அங்கே தண்டவாளம் எதிர்ப்பக்கம் தாழ்ந்திருந்தது. கம்பளிகள் சுவரோரமே இருந்தன. முன்பு சரிவைத் தடுத்த கம்பளி இப்போது சரிவை இரட்டிப்பாக்கியது. இதை நான் யோசிக்கவில்லை. முதல் இரவே படுக்கையிலிருந்து தரையில் விழுந்தேன்.

காலையில் மண்டோர் பல் துலக்கிக்கொண்டே வந்தார். "கிராணியாரே, ராத்திரி ஒரு சத்தம். பாலம் கீலம் இறங்கிடுச்சோன்னு எழுந்து ஓடினேன்."

"ஒண்ணும் இல்ல."

"தங்கச்சி, நீ தள்ளிவிட்டியா?"

"நான் எதுக்கண்ணே தள்ளணும்? அவரா எறங்கிப் போறார்" என்றாள் அவள், பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே. தூக்கம் இல்லாத நாளில்கூட அவளுக்கு இந்த மாதிரிப் பதில்கள் வரும்.

அந்தச் சமயத்தில் என்னிடம் ஒரு பழைய ஆங்கில மாதப் பத்திரிகை வந்து சேர்ந்தது. மோட்டார் காருக்குப் பின்னால் ஒரு சிறிய வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு சீமையில் ஊர் சுற்றுகிறவர்களைப் பற்றி அதில் படத்தோடு எழுதியிருந்தார்கள். மடக்குக் கட்டில், மடக்கு மேஜை, திரைச்சீலை எல்லாம் இருந்தன. கட்டில் சாய்ந்தால் என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை. படத்தை அவளுக்குக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"இவங்க சும்மா விளையாடப் போறவங்க. திரும்பி வீட்டுக்குப் போய்த் தூங்கிக்குவாங்க" என்று பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இனிச் சொல்லப்போவது ஆவணிக் கடைசியில் நடந்தது என்பாள் என் மனைவி. புரட்டாசி என்பது என் கணக்கு. மைத்துனர் வந்த அன்று சனிக்கிழமை. வீட்டில் மீன் இல்லாமல் பருப்பு மட்டும் வைத்ததற்காக அவள் வருத்தப்பட்டது எனக்கு நினைவிருக்கிறது. ஆகவே புரட்டாசிதான்.

அந்த வருஷம்தான் ரப்பருக்குக் கட்டுப்பாடு வந்தது. இவ்வளவுதான் விற்கலாம் என்று சின்னத் தோட்டக்காரர்களுக்கும் கூப்பன் கொடுத்தார்கள். கூப்பன் தீர்ந்த பிறகு மைத்துனரின் கொட்டகையில் பாளம் பாளமாக ரப்பர்ச் சீட்டுகள் விற்க வழியில்லாமல் கொடியில் தொங்கின. தங்கை தூங்கவில்லை என்று யார் மூலமாகவோ அவர் காதுக்குப் போயிருக்கிறது. ஒரு சாக்குக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். உள்ளே, பாலை உறையவைத்துத் தட்டிப் புகைபோட்ட கித்தா சீட்டுகள். மலாயாவில் எங்கள் ஜனங்கள் ரப்பரைக் கித்தா என்பார்கள்.

"உலகம் பூரா மெத்துனு போகணும்னுதான் இதை வாங்கறான். வெள்ளைக்காரன் இதுல டயர் பண்ணி மோட்டார்ல போறான். நம்ம வீட்டுப் பொண்ணு பலகையில படுக்குது. மாப்ள, மெத்தையைத் தூக்குங்க" என்றார்.

எனக்கும் அது சரியாகவே பட்டது. ரப்பர் நிறைந்த ஊரில், ரப்பரால் பிழைக்கிற குடும்பத்தில், இது இதற்கு முன் யாருக்கும் தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம் என்று நினைத்தேன். பலகைமேல் நாலைந்து அடுக்காகச் சீட்டுகளைப் பரப்பி, அதற்குமேல் இலவம்பஞ்சு மெத்தையைப் போட்டோம். மைத்துனர் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். அழுத்தினால் இறங்கியது, எடுத்தால் எழுந்தது. மிகுந்த திருப்தியோடு மாலை ரயிலுக்குக் கிளம்பிப் போனார்.

முதல் இரண்டு நாள் நன்றாகவே இருந்தது. மூன்றாம் நாள் நாற்றம் தெரிய ஆரம்பித்தது. புகைக்கொட்டகைக்குப் பக்கத்தில் போயிருப்பவர்களுக்கு அந்த நாற்றம் தெரியும். புகையும் புளிப்பும் கலந்து, கெட்டுப்போன மோரை அடுப்பில் வைத்த மாதிரி. வண்டிக் கூரையில் நாளெல்லாம் வெயில் காய்ந்ததில் சீட்டுகள் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒரு வாரம் கழித்து அவள் மெத்தையை வெயிலில் போடலாம் என்று தூக்கினாள். வரவில்லை. இருவரும் சேர்ந்து இழுத்ததும் மெத்தைத் துணியின் அடிப்பக்கம் கிழிந்துகொண்டு வந்தது. உள்ளே பஞ்சு நனைந்து கட்டி கட்டியாக இருந்தது. துணி முழுக்கக் கரும்புள்ளி.

உடம்பின் சூடும் வியர்வையும் மெத்தைக்குள் இறங்குகின்றன. அவை கீழே போக வழி வேண்டும். வெறும் பலகையே பாதி வழியை அடைத்திருந்தது. ரப்பர் முழுவதையும் அடைத்துவிட்டது. நாங்கள் ஒரு வாரமாக ஈரத்துக்கு மேல் படுத்திருக்கிறோம்.

மண்டோர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். "என்னமோ தோட்டத்துக்குள்ள வந்த மாதிரி இருக்கு. கிராணியாரே, நாளைக்கு விடியக்காலையில பால் வெட்ட ஆள் அனுப்பவா?"

அவள் சிரிக்கவில்லை. கிழிந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணன் எவ்வளவு ஆசையா தூக்கிட்டு வந்தார்" என்றாள். பிறகு, "நான் மேருவுக்கே போயிடவா?" என்றாள். கோபமாக அல்ல, களைப்பாகச் சொன்னாள்.

வேறு மெத்தை வரும்வரை பாயில் படுத்தோம். பலகை உறுத்தினாலும் காய்ந்திருந்தது. கிள்ளான் பாதையில் வேலை முடிந்து, ஐப்பசி பிறந்த சமயத்தில் எங்களைத் திரும்பவும் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு இழுத்து வந்தார்கள். மறுநாள் காலையில் அவள் என்னை உலுக்கி எழுப்பினாள்.

"வெயில் எந்தப் பக்கம் வருது பாருங்க."

பார்த்தேன். முன்பு பிரிக்ஃபீல்ட்ஸில் நின்றபோது காலை வெயில் சமையல் பக்கத்து சன்னலில் வரும். இப்போது படுக்கைச் சுவரின் சன்னலில் வந்துகொண்டிருந்தது. வழியில் எங்கேயோ வண்டியை முன்பின்னாகத் திருப்பிக் கோத்திருக்கிறார்கள். போன தடவை தெற்கே இருந்த தலைமாடு இப்போது வடக்கே இருந்தது.

"ராத்திரி பூரா வடக்கே தலை வச்சுப் படுத்திருக்கேன்" என்றாள்.

கால்மாட்டில் தலை வைக்கலாமே என்றேன். தலைமாட்டுப் பலகையைத் தூக்கி அடித்திருந்ததால் அப்படிப் படுத்தால் கால் மேலேயும் தலை கீழேயும் இருக்கும். அவள் அதையும் ஒரு இரவு செய்து பார்த்தாள். காலையில் முகம் வீங்கியிருந்தது. நான் திசை விஷயத்தில் அவ்வளவு நம்பிக்கை உள்ளவன் அல்ல. இதைப் பற்றிப் படித்தும் இருக்கிறேன், யாரும் ஒரு காரணத்தைத் தெளிவாகச் சொல்லவில்லை. ஓடுகிற வண்டிக்கு வடக்கு ஏது, தெற்கு ஏது என்று அவளிடம் வாதாடினேன்.

"வண்டிக்கு இல்ல. எனக்கு இருக்கு" என்றாள்.

தூங்க வேண்டியவள் அவள். தலை வடக்கே இருக்கிறது என்ற நினைவோடு யாரால் தூங்க முடியும்? முதுகில் உறுத்துகிற ஆணியைப் பிடுங்குகிறோம். மனசில் உறுத்துவதும் ஆணிதான்.

அன்று மத்தியானம் நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து யோசித்தோம். அவள்தான் கேட்டாள்: "இதை ஏன் நீளவாக்குல போட்டாங்க?"

ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. முன்பு ஆசனம் சுவரோரம் இருந்தது, அதனால் படுக்கையும் சுவரோரம் வந்திருக்கும். அளந்து பார்த்தேன். வண்டியின் உள்ளகலம் ஏழரை அடி. நான் அவ்வளவு உயரம் இல்லை. தடுப்புப் பலகையை ஒட்டிக் குறுக்கே ஒரு கட்டில் போட்டால் தாராளமாக அடங்கும். குறுக்கே படுத்தால் வண்டி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் உருள முடியாது. தலையோ காலோதான் தாழும். தாழ்கிற பக்கத்துக் கால்களுக்கு அடியில் ஆப்பு வைத்தால் போதும். இரண்டு முனையும் ஒரே மாதிரி இருந்துவிட்டால் தலையணையை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். வண்டியை அவர்கள் எப்படித் திருப்பினாலும் வடக்கு எங்களைப் பிடிக்க முடியாது.

மேலதிகாரிக்கு எழுதிப்போட்டேன். பலகையைக் கழற்றிக்கொள்ளலாம், வண்டியை ஒப்படைக்கும்போது பழையபடி பொருத்த வேண்டும் என்று அனுமதி வந்தது. மண்டோரும் நானும் கழற்றிய பலகையிலேயே சட்டம் செய்தோம். கருவிப் பெட்டிகள் அடியில் போக வேண்டியிருந்ததால் கால்கள் உயரமாகிவிட்டன. நடுவில் பலகை அடிக்கவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் நாற்காலி பின்னுகிற ஒரு சீனர் இருந்தார். சட்டத்தை அவர் கடைக்குத் தூக்கிப்போனோம். இவ்வளவு பெரிய நாற்காலியில் யார் உட்காரப் போகிறார்கள் என்று மலாயில் கேட்டார். படுக்க என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தடித்த பிரம்பாக எடுத்தார். காற்றுப் போகிற மாதிரி கண் கண்ணாகப் பின்னித் தந்தார்.

மெத்தையை அவள் செய்தாள். கெட்டுப்போன பஞ்சைக் கழித்து, மீதியை வெயிலில் உலர்த்தி, கையால் பிய்த்துப் பிய்த்துப் பழையபடி ஆக்கினாள். குறைந்ததற்குப் புதுப் பஞ்சு வாங்கிக் கலந்தாள். பஞ்சு ஓரத்துக்கு ஓடாமல் இருக்க, கோணி ஊசியால் கட்டங்கட்டமாகத் தைத்து ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முடிச்சுப் போட்டாள். நாலு மூலையில் மட்டும் ஊசி சரியாக இறங்காமல் பஞ்சு கெட்டிப்பட்டுவிட்டது. கொசுவலையைக் கூரையில் பழைய சாமான் வலை மாட்டியிருந்த கொக்கிகளில் கட்டினோம்.

ஒரு குறை பாக்கி இருந்தது. பக்கத்துத் தண்டவாளத்தில் எஞ்சின் போகும்போதெல்லாம் ஆப்புகள் நழுவின. கட்டில் கால் தரையில் தடதடத்தது. அப்போதுதான் மூலையில் சாக்கில் சுற்றிவைத்திருந்த கித்தாவின் ஞாபகம் வந்தது. அதைக் கையகலத் துண்டுகளாக வெட்டி, கால்களுக்கு அடியிலும் ஆப்புகளுக்கு அடியிலும் வைத்தேன். சத்தம் நின்றது. ஆப்பு அசையவில்லை. ரப்பரை வைக்க வேண்டிய இடம் மெத்தைக்கு அடியில் அல்ல, கட்டிலுக்கு அடியில்.

அதற்குப் பிறகு வண்டி போய் நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் எங்களுக்கு ஒரு முறை ஏற்பட்டது. முதலில் திசை பார்த்துத் தலையணையை வைப்பது. பிறகு ரசமட்டம் வைத்து ஆப்பு. அந்தக் கட்டிலில் முதல் நாள் அவள் விளக்கேற்றியதும் படுத்தவள், காலையில் சங்கு ஊதியும் எழுந்திருக்கவில்லை. அன்றைக்குக் காப்பி நான்தான் போட்டேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் மைத்துனர் வந்தார். கையில் ஒரு தகரப் பெட்டி. தூக்கிவந்த விதத்திலேயே அது காலி என்று தெரிந்தது. தங்கையின் துணிமணிகளுக்காகக் கொண்டுவந்திருக்கிறார். அவள் அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"தூக்கம் வருதா பாப்பா?" என்றார், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே.

"வருதுண்ணே."

"எனக்காகச் சொல்லாதே."

"உங்களுக்காக எதுக்குச் சொல்லணும்? சாப்பிட்டுட்டு நீங்களே படுத்துப் பாருங்க."

அவர் கட்டிலைச் சுற்றி வந்தார். குனிந்து பிரம்பைத் தட்டினார். "என் கித்தா எங்க?" என்றார். காலுக்கு அடியில் இருப்பதைக் காட்டினேன். "தலையில வைக்கக் கொடுத்தா காலுல வச்சிருக்கீங்க" என்றார். பிறகு சன்னலில் எட்டிப் பார்த்து, "தலை எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"மேற்கே. மேற்கு பரவால்லதானே?" என்றாள் அவள்.

"கிழக்கு இன்னும் நல்லது. மேற்கு பரவால்ல. வடக்குதான் ஆகாது. வடக்கே வச்சா எந்தத் தூக்கமும் தூக்கம் இல்ல, சொல்லிட்டேன்."

ஆட்டுக்கறிக் குழம்பும் ரசமும் சாப்பிட்டார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. சும்மா முதுகைச் சாய்க்கிறேன் என்று ஏறிப் படுத்தார். கட்டில் உயரம் என்று முனகினார். முனகல் முடிவதற்குள் குறட்டை வந்துவிட்டது.

அரைமணி ஆகியிருக்காது. மண்டோர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். பத்துமலைக் கிளைப் பாதையின் கடைசியில் மழையில் ஒரு சின்னப் பாலத்தின் கரை இறங்கிவிட்டதாம், உடனே கிளம்ப வேண்டுமாம், எஞ்சின் வந்துகொண்டிருக்கிறதாம். "உங்க மச்சானை எழுப்பி எறக்கிவிடுங்க சார். அந்தப் பாதையில தைப்பூசத்துக்குத்தான் ஜனம் போகும். மத்த நாள்ல கல் வண்டிதான்."

நான் எழுப்பப் போனேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"எழுப்பாதீங்க."

"பத்துமலைக்குப் போயிடுவார்."

"போகட்டும். நான் வாயால சொன்னா நம்ப மாட்டார்."

எஞ்சின் வந்து மோதியது. அடுக்கிலிருந்த செம்பு உருண்டு விழுந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் என் மைக்கூடு கவிழ்ந்தது. மைத்துனர் ஒரு பக்கமாகப் புரண்டு, தலையணையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். அவ்வளவுதான். கோலாலம்பூர் ஸ்டேஷனில் விசில், செந்தூலில் இன்னொரு முறை எஞ்சின் மாற்றி இடித்தது, மழை, பாயின்ட் மாறுகிற இடங்களில் கடகடவென்ற சத்தம், எதுவும் அவரைத் தொடவில்லை. நாங்கள் இருவரும் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டு போனோம். அவள் ஒரு தடவை எழுந்து அவர் காலில் போர்வையை இழுத்துவிட்டாள்.

பத்துமலையில் பாதை வலப்பக்கமாக வளைந்து மலையை ஒட்டிப் போகிறது. அங்கே எங்களை விட்டுவிட்டு எஞ்சின் போய்விட்டது. மழை நின்றிருந்தது. எஞ்சின் சத்தம் நின்ற அமைதியில்தான் அவர் கண் விழித்தார். எழுந்து உட்கார்ந்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் அவர் படுத்தபோது சன்னலுக்கு வெளியே நிலக்கரிக் குவியல் இருந்தது. இப்போது சன்னல் முழுக்க ஈரமான சுண்ணாம்பு மலை. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். கை தானாகக் கும்பிட்டது.

"முருகா. நான் எங்க இருக்கேன்?"

"பத்துமலையிலண்ணே."

"எப்ப வந்தேன்?"

"கறிக்குழம்பு சாப்பிட்டதுக்கப்புறம்."

கீழே இருந்து மண்டோரின் குரல் வந்தது. "காவடி எடுக்காம, கால் நோகாம பத்துமலைக்கு வந்தவர் நீங்க ஒருத்தர்தாண்ணே."

மேகம் விலகி வெயில் விழுந்திருந்தது. மாலை வெயில் எங்கிருந்து வருகிறது என்று மைத்துனர் சன்னலைப் பார்த்தார், தலையணையைப் பார்த்தார். விரலால் காற்றில் ஏதோ கணக்குப் போட்டார். பாதை வளைந்ததில் மேற்கே இருந்த தலைமாடு இப்போது நேரே வடக்கில் இருந்தது. நானும் அவளும் அதை முன்பே கவனித்திருந்தோம். அவள் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையணையை எடுத்து மறுமுனையில் வைத்தார்.

கீழே இறங்குவதற்கு உயரம் அதிகமாக இருந்தது. கால் எட்டாமல் தவித்தார். அவள் தகரப் பெட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்த்தினாள். அதன்மேல் கால் வைத்து இறங்கினார்.

முகம் கழுவி, இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று படியேறிச் சாமி கும்பிட்டுவிட்டு வந்தார். கார்கள் போகிற சடக்கில் பஸ் பிடித்துக் கோலாலம்பூர் போய், கடைசி ரயிலில் கிள்ளான் போவதாகச் சொன்னார். நெற்றி நிறைய விபூதி. வாசற்படியில் நின்று என்னிடம் பேசினார், தங்கைக்கும் கேட்கிற மாதிரி.

"மெத்தை நாலு மூலையிலயும் கல்லா இருக்கு மாப்ள. எங்க கம்பத்துல ஊரு பூரா இலவமரம் காய்ச்சுக் கெடக்கு. தீபாவளிக்கு நீங்களே கெளம்பி வாங்க, ஒரு மூட்டை கட்டி வைக்கிறேன். திரும்பி வரும்போது எடுத்துட்டு வந்துடுங்க."

"ரெண்டு பேருமா?" என்றாள் அவள்.

"ஒரு ஆள் தூக்க முடியுமா அதை?"

கைவீசிக்கொண்டு தண்டவாளத்தை ஒட்டி நடந்துபோனார். "மச்சான், பெட்டி" என்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்காமல் கையை ஆட்டினார். "ஏறி எறங்க வேணும்லா. இருக்கட்டும்."

அந்தப் பெட்டி, வண்டியை ஒப்படைக்கிறவரை, கட்டிலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.